பின் சீட்டு யாருக்கு

தருண்குமார் ஒரு பை வாங்குவதற்கு எடுத்துக்கொண்ட காலத்தில் சோனியாவின் அப்பா அவளுக்கு மாப்பிள்ளையே பார்த்து முடித்துவிட்டார். மாப்பிள்ளை பார்க்க இரண்டு மாதம்தான் ஆயிற்று. பை பார்க்க ஆரம்பித்து நாலாவது மாதம் நடக்கிறது, இன்னும் முடிந்தபாடில்லை.

பை என்றால் சும்மா பை இல்லை. பைக்கில் இரண்டு பேர் நெடுந்தூரம் போகும்போது துணிமணி வைத்துக் கட்டுகிற பை. தருண்குமார் மைசூரு ஹெப்பால் தொழிற்பேட்டையில் ஓர் இயந்திரப் பட்டறையில் தரப் பரிசோதகன். மயிரிழை பிசகினாலும் உருப்படியைத் திருப்பி அனுப்புகிறவன். அப்படிப்பட்டவன் பை வாங்கினால் லேசில் வாங்கிவிடுவானா? ராத்திரி சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, எவனோ ஒருவன் பையைத் தண்ணீரில் முக்கி எடுப்பதை ரசம் ஆறும்வரை பார்த்துக்கொண்டிருப்பான்.

பைக் அவன் கல்யாணத்துக்கு முன்பு வாங்கியது. இரண்டாம் கை, சிவப்பு நிறம், நானூறு சிசி ஸ்போர்ட்ஸ் பைக். ஓட்டுகிறவனுக்கு நல்ல சீட்டு. பின்னால் உட்காருகிறவருக்கு இருப்பதைச் சீட்டு என்று சொன்னால் சீட்டு என்ற சொல்லுக்கே அவமானம். தோசைக்கரண்டி அகலத்தில், பரண் உயரத்தில், வழுக்கிக்கொண்டு முன்னால் சரிந்து கிடக்கும். அதைச் செய்தவன் நிச்சயம் கல்யாணம் ஆகாதவன் என்பது சோனியாவின் கட்சி.

ஆனாலும் அந்தச் சீட்டுதான் அவளுக்கு வேண்டும். பெண் பார்க்க வந்த அன்று, ஹனூருக்குப் பக்கத்தில் அவர்கள் தோட்டத்து வீட்டு வாசலில் அந்தச் சிவப்பு வண்டி நின்றதைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளையிடம் அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. பின்னால் உட்கார இடம் இருக்கிறதா என்று. அவன் வெட்கப்பட்டுக்கொண்டே, கல்யாணத்துக்கு அப்புறம் முதல் தூரப் பயணம் உன்னோடுதான் என்று வாக்குக் கொடுத்தான். அதை நம்பித்தான் அவள் தலையாட்டினாள் என்று சொன்னால் முழுப் பொய் ஆகாது. கல்யாணமாகி ஒன்றரை வருஷம் ஆகிறது. அந்த வண்டியில் அவள் போன அதிகபட்ச தூரம் நஞ்சன்கூடு கோயில். ஊட்டி, வால்பாறை, சிக்மகளூர் எல்லாம் அவனும் நண்பன் மனோஜ்குமாரும் தனித்தனி வண்டியில் போய் வந்தார்கள். சோனியாவின் இடத்தில் ஒரு பை கட்டப்பட்டு ஜம்மென்று போய் வந்தது.

இப்போது ஒரு நல்ல சந்தர்ப்பம் வாய்த்தது. அவளுடைய மாமா மகள் கனகாவுக்குச் சத்தியமங்கலத்தில் கல்யாணம், தை மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. மைசூரிலிருந்து சாமராஜநகர் வழியாகக் காட்டுக்குள் போய், திம்பம் மலையில் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு இறங்கினால் சத்தியமங்கலம். பைக்கில் போகிறவர்கள் அந்த இருபத்தேழைப் பற்றிப் பேசினால் கண் மின்னும். சோனியா இந்தத் தடவை விடுவதாக இல்லை.

தருண் முடியாது என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் சண்டை போட்டு முடித்திருக்கலாம். போகலாம், கண்டிப்பாகப் போகலாம், சரியான பை மட்டும் கிடைக்கட்டும் என்றான்.

முதலில் வந்தது சேடல் பேக். சீட்டின் இரண்டு பக்கமும் பொதி மாதிரித் தொங்குவது. போட்டுக்கொண்டு அவன் மட்டும் ரிங் ரோட்டில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தான். வலது பக்கத்துப் பையின் அடி, புகைக்குழாய்ச் சூட்டில் உருகி, வெல்லப்பாகு போல் இழுபட்டுக்கொண்டிருந்தது. பார்த்தாயா, இது ஆகாது என்று அவன் சொன்ன குரலில் வருத்தத்தைக் காணோம். அடுத்தது டேங்க் பேக், பெட்ரோல் டேங்கின் மேல் காந்தத்தால் ஒட்டிக்கொள்வது. இவன் வண்டியின் டேங்குக்கு மேலே பிளாஸ்டிக் மூடி. பிளாஸ்டிக்கில் காந்தம் ஒட்டாது என்பது மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். வாங்கும்போது இவனுக்குத் தெரியவில்லையாம். மூன்றாவது டெயில் பேக். நல்ல பை, மழைக்கு உறை எல்லாம் உண்டு. ஒரே ஒரு சங்கடம், அதைக் கட்ட வேண்டிய இடம் பின் சீட்டு. அதாவது சோனியாவின் மடி.

நாலாவதாக மனோஜ்குமார் ஒரு யோசனை சொன்னான். பின்னால் உட்காருகிறவர் முதுகில் பெரிய பையை மாட்டிக்கொண்டால் பிரச்சினையே இல்லை என்றான். முதுகில் எட்டு கிலோவோடு இருபத்தேழு வளைவு இறங்கும் அந்த ஆளாக அவன் தன் மனைவியை முதலில் உட்காரவைத்துப் பார்க்கும்படி சோனியா போனிலேயே பதில் சொன்னாள். அதற்குப் பிறகு மனோஜ்குமார் யோசனை சொல்வதை நிறுத்திக்கொண்டான்.

சோனியா மேட்டகள்ளியில் ஓர் ஊதுபத்தித் தொழிற்சாலையில் பேக்கிங் மேற்பார்வையாளர். ஒரு பெட்டியில் எவ்வளவு அடங்கும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள். பெட்டிக்குள் இடைவெளி விட்டால், காற்றுக்கு எதற்கு வண்டிச்சத்தம் கொடுக்கிறாய் என்று பெண்களை அதட்டுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவன் கண் முன்னாலேயே கட்டிலில் எல்லாவற்றையும் பரப்பினாள். அவளுடைய பட்டுப்புடவை, அவனுடைய வேட்டி சட்டை, மாற்றுத் துணி, சீப்பு, சோப்பு, கனகாவுக்கு வாங்கிய வெள்ளிக் குங்குமச் சிமிழ். புடவையைப் பழைய வேட்டித் துணியில் சுருட்டினாள், மற்றதை அதன் இரண்டு பக்கமும் அடுக்கினாள், அந்த டேங்க் பேக்கிலேயே அமுக்கி ஜிப்பை இழுத்தாள். காந்தம் ஒட்டாவிட்டால் என்ன, நாலு பட்டை தைத்துக் கட்டினால் தீர்ந்தது.

தருண் பையைச் சுற்றி வந்து பார்த்தான். பிறகு, ஸ்போர்ட்ஸ் பைக்கில் குனிந்து ஓட்டும்போது அது வயிற்றில் இடிக்கும் என்றான்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவன் ஆடத் தெரிந்தவன். ஆறு வருஷமாக மலை மலையாக ஓட்டுகிறவன். அப்புறம் எதற்குக் கூடத்தைக் குறை சொல்கிறான் என்பதுதான் சோனியாவுக்குப் புரியவில்லை. பையில் குறை இல்லை, மனுஷனில்தான் ஏதோ இருக்கிறது என்று மட்டும் தெரிந்துகொண்டாள். வாயைத் திறக்கவில்லை. பேக்கிங் பிரிவில் இருபது பெண்களை மேய்க்கிறவளுக்கு எப்போது வாயை மூட வேண்டும் என்பது தெரியும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை கீழ்வீட்டு சுசித்ரா கன்னடத்தில் ஒரு செய்தி சொன்னாள். சிரிப்பை அடக்க முடியாமல் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள். உங்கள் வீட்டுக்காரர் தினமும் வேலையிலிருந்து சீக்கிரம் வந்து, நீங்கள் வருவதற்குள் அரிசி மூட்டையை பைக்கில் உட்காரவைத்து ஊர்வலம் கூட்டிப் போகிறார், அக்கா. துப்பட்டாவால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு போகிறார்.

சோனியா மாடிக்கு ஏறி அரிசி இருக்கும் மூலையைப் பார்த்தாள். இருபத்தைந்து கிலோ மூட்டை இரண்டு, கழுத்தோடு கழுத்து சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தன. உச்சியில் ராகி மாவு ஐந்து கிலோ பொட்டலம் ஒன்று டேப் போட்டு ஒட்டப்பட்டிருந்தது. அவளுடைய மயில்கழுத்து நிறத் துப்பட்டாவில் தவிடு அப்பியிருந்தது.

ஐம்பதும் ஐந்தும் ஐம்பத்தைந்து. அந்தக் கணக்கு அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. போன மாதம் ஒருநாள், வண்டியின் பின் ஸ்பிரிங்கைச் சரிசெய்ய வேண்டும், உன் எடை எவ்வளவு என்று அவன் கேட்டான். அவள் ஐம்பத்தைந்து என்றாள். உண்மையில் ஐம்பத்தெட்டு. கட்டின புருஷனிடம் மூன்று கிலோ மறைப்பது பாவத்தில் சேராது என்பது அவள் எண்ணம். ஆக அந்த மூட்டைதான் சோனியா. தான் போகாத இடத்துக்கெல்லாம் தன் எடையில் ஒரு மூட்டை, தன் துப்பட்டாவோடு போய் வந்துகொண்டிருக்கிறது.

அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. தன்னை ஒரு பாரமாக நிறுத்துப் பார்த்து, வண்டி தாங்குமா என்று சோதிக்கிறான் என்றுதான் நினைத்தாள். அன்று ராத்திரி அந்த ராகி மாவிலேயே களி கிண்டிப் போட்டாள். அவன் பொட்டலம் இருந்த இடத்தையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் சாப்பிட்டான்.

கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது தருண் தீர்ப்பைச் சொன்னான். சரியான பை கிடைக்கவில்லை. அதனால் துணிமணி எல்லாவற்றையும் டெயில் பேக்கில் கட்டி அவன் பைக்கில் கொண்டுவருவான். சோனியா சனிக்கிழமை காலை ஏழு மணி பஸ்ஸில் வசதியாக உட்கார்ந்து வரலாம். ஜன்னல் சீட்டே கிடைக்கும். கன்னடக்காரர்கள் சொல்வதுபோல், சொல்ப, அதாவது கொஞ்சம், அட்ஜஸ்ட் பண்ணிக்கொள் என்று கெஞ்சலாக முடித்தான்.

பை பைக்கில், பெண்டாட்டி பஸ்ஸில். சோனியா அதை ஒரு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு, சரிங்க என்றாள். அவ்வளவு சுலபமாக அவள் சரி என்று சொன்ன நாள் அதற்கு முன் ஒன்றும் கிடையாது. விவரமுள்ள புருஷனாக இருந்தால் அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும்.

ஹனூர்ப் பக்கத்துக் குடும்பங்களில் ஒரு பழக்கம் உண்டு. வெளியூரில் இருக்கிற பிள்ளைகளுக்குச் சாமான் அனுப்ப யாரும் கூடவே போவதில்லை. மூட்டையில் பெயரையும் போன் நம்பரையும் எழுதி, தெரிந்த கண்டக்டரிடம் சொல்லி பஸ்ஸில் போட்டுவிடுவார்கள். இங்கே பஸ் ஸ்டாண்டில் போய் இறக்கிக்கொள்ள வேண்டியதுதான். மாதா மாதம் சோனியாவுக்கு மஞ்சளும் முருங்கைக்காயும் கொள்ளும் அப்படித்தான் வந்து சேருகின்றன. ஒரு காய் குறைந்ததில்லை. அந்த ராத்திரி அவள் அப்பாவுக்குப் போன் செய்தாள். அப்பா இரண்டு பேரைக் கேட்டு, சத்தியமங்கலம் வழியாக ஈரோடு போகிற ஏழு மணி பஸ்ஸின் கண்டக்டர் சென்னிமலையின் நம்பரை வாங்கிக் கொடுத்தார். நாலு மாதமாகத் தீராத பை விவகாரம் பத்து நிமிஷத்தில் தீர்ந்துவிட்டது. இரண்டு பேர் போகிற பைக்குக்கு ஏற்ற பை எதுவென்றால், பைக்கில் ஏறாத பைதான்.

வெள்ளிக்கிழமை, தருண் கட்டிவைத்திருந்த டெயில் பேக்கிலிருந்து புடவையையும் அவனுடைய வேட்டி சட்டையையும் உருவி, பஸ்ஸுக்கென்று எடுத்துவைத்த தன் பயணப் பைக்குள் வைத்தாள். வெள்ளிச் சிமிழும் இடம் மாறியது. காலியான டெயில் பேக்கில் தலையணை ஒன்றைத் திணித்து, ஜிப்பை இழுத்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை அவளுடைய ஸ்கூட்டரில் அவன் அவளைச் சப்அர்பன் பஸ் ஸ்டாண்டில் கொண்டுவந்து விட்டான். பஸ்ஸில் கல்யாணத்துக்குப் போகிறவள் ஏன் ஜீன்ஸும் ஷூவும் அவனுடைய பழைய ரைடிங் ஜாக்கெட்டும் போட்டிருக்கிறாள் என்று அந்தத் தரப் பரிசோதகன் கேட்கவில்லை. கையிலிருந்த துணிப்பை ஏன் உருண்டையாக இருக்கிறது என்றும் பார்க்கவில்லை. தண்ணீர் பாட்டில் வாங்கிவரச் சொன்னாள். வழக்கம்போல் அவன் மூன்று கடையில் தேதி பார்த்துத்தான் வாங்குவான் என்று அவளுக்குத் தெரியும்.

அவன் திரும்பி வந்தபோது ஈரோடு பஸ் பின்னால் நகர்ந்து, திரும்பி, வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தது. கண்டக்டர் சென்னிமலை படியில் நின்று கை காட்டினார். பிளாட்பாரத்தில் சோனியா நின்றிருந்தாள், கையில் ஹெல்மெட்டோடு.

தருண் பஸ்ஸையும் அவளையும் பார்த்தான். ஓடிப்போய் நிறுத்தலாமா என்று காலைத் தூக்கி, மறுபடி வைத்தான்.

"ஏனுங்க, பை பஸ்ஸுல போயிருச்சு. உங்க வேட்டியும் அதுக்குள்ளதான் இருக்குது. பன்னெண்டு மணிக்கு மாமா வந்து எறக்கிக்குவாரு" என்றாள். "மடியில கனமில்ல, வழியில பயமில்லைன்னு சொல்லுவாங்கல்ல. போலாமுங்களா?"

அவன் சிரிப்பான், இல்லாவிட்டால் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். இரண்டுக்கும் பதில் தயாராக வைத்திருந்தாள். அவன் முகம் வெளுத்துப்போயிற்று. அடுத்த பஸ் எட்டு மணிக்கு இருக்கிறது, அதில் ஏறிக்கொள் என்றான். அவள் மாட்டேன் என்றாள். டிக்கெட் எடுத்துத் தருகிறேன் என்றான். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அப்போதுதான் அவளுக்கு அத்தனை நாள் கோபமும் வாய்க்கு வந்தது. அரிசி மூட்டைக்குக் கிடைத்த மரியாதைகூட எனக்கு இல்லையா, அப்படி என்ன கனத்துவிட்டேன் உங்களுக்கு என்று கேட்டுவிட்டாள்.

தருண் பக்கத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தான். பாட்டில் மூடியைத் திருகித் திருகித் திறந்தான், குடிக்கவில்லை.

"போன நவம்பர்ல குண்டலுபேட்டை தாண்டி விழுந்தேன் சோனி" என்றான். "திருப்பத்துல மண்ணு கெடந்துச்சு, கவனிக்கல. நான் ஓரமா சறுக்கிட்டுப் போனேன், முழங்கை மட்டும்தான். பின் சீட்ல கட்டியிருந்த பை நடு ரோட்டுக்குப் போச்சு. பின்னாடி வந்த லாரி அது மேல ஏறிடுச்சு."

முழங்கைக் காயம் பட்டறையில் பட்டது என்று அன்று அவளிடம் சொல்லியிருந்தான். பழைய பையின் ஜிப் போய்விட்டது என்றும் சொல்லியிருந்தான்.

"அது உன்னோட எடம்" என்றான். "இப்பவும் கண்ண மூடினா அந்த டயர்தான் வருது. எந்தப் பை வாங்கினாலும் அதுல ஏதாவது குறை கண்டுபிடிச்சிடுவேன். மூட்டைய வெச்சுப் பழகினா பயம் போயிடும்னு பார்த்தேன். போகல."

சோனியா பெஞ்சில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். டீக்கடைக்காரர் கேட்காமலே இரண்டு டீ கொண்டுவந்து வைத்தார். அவளுக்கு அவன்மேல் இரக்கம் வந்தது, கூடவே கோபமும் வந்தது. நாலு மாதம் இதைத் தனியாகச் சுமந்துகொண்டு, பையின் மேல் பழி போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறானே என்ற கோபம். தன்னையும் நினைத்து வெட்கப்பட்டாள். நிறுத்துப் பார்க்கிறான் என்று நினைத்தாளே தவிர, பயந்து சாகிறான் என்று தோன்றவே இல்லை அவளுக்கு.

டீயைப் பாதி குடித்த பிறகு சொன்னாள்.

"அம்பத்தஞ்சு இல்லீங்க. அம்பத்தெட்டு. நீங்க மூணு கிலோ கம்மியா வெச்சுப் பழகியிருக்கறீங்க."

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் முகத்தைச் சாதாரணமாகத்தான் வைத்திருந்தாள். முதலில் அவன் தோள் குலுங்கியது, பிறகு டீ அவன் மூக்கில் ஏறிப் புரையோடி, சிரிப்பும் இருமலும் ஒன்றாக வந்தன. அவள் அவன் தலையில் தட்டிவிட்டாள்.

பயமாக இருந்தால் இரண்டு பேருமே எட்டு மணி பஸ்ஸில் போய்விடலாம், பைக் எங்கேயும் ஓடிப்போகாது என்று அவள் மனசாரத்தான் சொன்னாள். அவன் கிளாஸைக் கீழே வைத்தான். வேண்டாம், மூட்டையோடு பதினொரு நாள் ஓட்டியிருக்கிறேன், மெதுவாகப் போகலாம் என்றான். எத்தனை மெதுவாக என்று கேட்கக் கூடாது என்று ஒரு நிபந்தனையும் போட்டான்.

வீட்டுக்குப் போய், தலையணை திணித்த டெயில் பேக்கை ஓரமாக வைத்துவிட்டு பைக்கை எடுத்தார்கள். பின் ஸ்பிரிங்கை மூன்று கிலோவுக்காக ஒரு பல் ஏற்றினான். சோனியா அந்தப் பரண் சீட்டின் மேல் ஏறி உட்கார்ந்தாள், கால் இரண்டும் மடங்கி முழங்கால் அவன் விலாவில் முட்டியது. சுசித்ரா மாடிப்படியில் நின்று கை தட்டினாள்.

எத்தனை மெதுவாக என்று அவள் கேட்கவில்லை, கேட்டால்தானே குற்றம். நஞ்சன்கூடு தாண்டுவதற்குள் ஒரு பால் வண்டி அவர்களை முந்தியது. சாமராஜநகருக்கு முன்னால் ஒரு பெரியவர், பின்னால் புல்லுக்கட்டோடு மொபெட்டில் வந்து, பக்கத்தில் கொஞ்ச தூரம் ஓட்டி, இவ்வளவு பெரிய வண்டியில் என்ன கோளாறு என்று கன்னடத்தில் அக்கறையாக விசாரித்துவிட்டு முந்திப் போனார். தருண் காது சிவந்துபோயிற்று. சோனியாவுக்கு இடுப்பு வலித்தது, தொடை மரத்தது, முகமெல்லாம் தூசி. சீட்டைச் செய்தவனைப் பற்றித் தான் நினைத்தது எல்லாம் சரிதான் என்று தெரிந்தது. ஆனாலும் ஒன்றரை வருஷமாக அவள் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. காட்டு ரோட்டில் மூங்கில் நிழல் இரண்டு பேர் மேலும் ஒன்றாக விழுந்து விழுந்து விலகியது. ஆசனூரில் இட்லி சாப்பிட்டார்கள். அவளுக்கு மட்டும் இரண்டு இட்லி அதிகமாக இறங்கியது.

திம்பத்தில் மலை இறங்க ஆரம்பித்தது. முதல் பலகையில் இருபத்தேழு என்று போட்டிருந்தது. மேலிருந்து இறங்கினால் எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும்.

"இருக்கியா?" என்று தருண் கேட்டான்.

இறக்கத்தில் அவள் மொத்தமாக அவன் முதுகில் சரிந்திருந்தாள். இரண்டு கையும் அவன் இடுப்பைச் சுற்றி இருந்தன. அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் இந்த மனுஷனுக்கு என்று நினைத்துக்கொண்டே, "இருக்கேனுங்க" என்றாள்.

வளைவு திரும்பியது. இருபத்தாறிலும் கேட்டான். இருபத்தைந்திலும் கேட்டான். எதிரே லாரி ஏறி வந்தால் ஓரமாக நின்று, அது போன பிறகு, மறுபடி அதே கேள்வி. அவள் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாகப் பதில் சொன்னாள். எங்கீங்க போவேன் என்றாள். உள்ளேன் ஐயா என்றாள். சென்னிமலை அண்ணன் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டேன் என்றாள். ஹெல்மெட்டுக்குள் அவன் சிரிக்கும் சத்தம் கேட்டது. சிரிப்பு வந்துவிட்டது, இனி பயமில்லை என்று அவள் தானாகவே முடிவு செய்துகொண்டாள்.

பதினெட்டாம் வளைவில் அவளுக்குக் குறும்பு தலைக்கு ஏறியது. "இருக்கியா?" என்று அவன் கேட்டான். அவள் வாயை மூடிக்கொண்டாள். பிடித்த கையை விடவில்லை, அசையவும் இல்லை. பதில் மட்டும் சொல்லவில்லை.

"சோனி?"

அப்போதும் அவள் சொல்லவில்லை.

வளைவைத் தாண்டி, தடுப்புச் சுவரை ஒட்டி அகலமாக இருந்த இடத்தில் வண்டி நின்றது. அவன் திரும்பவில்லை. இடது கையைக் கிளட்சிலிருந்து எடுத்து, தன் இடுப்பில் இருந்த அவள் கையைத் தொட்டான். பிறகு அவள் முழங்காலையும், ஷூவையும் தடவிப் பார்த்தான். அவள் கை அங்கேதான் இருக்கிறது என்று அவனுக்கு முன்பே தெரியும். தெரிந்தும் மறுபடி ஒருமுறை தொட்டுப் பார்த்தான். திட்டுவான், திட்டினால் என்ன சொல்ல வேண்டும் என்றெல்லாம் அவள் யோசித்து வைத்திருந்தாள். அவன் திட்டவில்லை. சுவர் மேல் உட்கார்ந்திருந்த குரங்கு ஒன்று இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தது.

சோனியாவுக்கு அழுகை வந்துவிட்டது. ஆள் இருக்கிறாளா என்று தெரிந்துகொள்வதற்காக அவன் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தெரிந்தது போதாமல்தான் கேட்கிறான். அவள் குரல் வேண்டும் அவனுக்கு. அதைத்தான் அவள் விளையாட்டுக்கு ஒளித்து வைத்தாள்.

"தப்புங்க" என்றாள். "நான் பண்ணினது தப்புங்க. இனி இதுல விளையாட மாட்டேன்."

அவன் தலையை மட்டும் ஆட்டினான். வண்டியைக் கிளப்பினான்.

பதினேழாம் வளைவு வந்தது. அவன் கேட்கவில்லை. கேட்க வெட்கப்படுகிறான் என்று அவன் தோளைப் பார்த்தாலே தெரிந்தது. வண்டி சாய ஆரம்பிப்பதற்கு முன்னால் அவளே, "இருக்கேனுங்க" என்றாள். பதினாறிலும் சொன்னாள், பதினைந்திலும் சொன்னாள். வேடிக்கை இல்லாமல், ஒரே மாதிரி, அவன் காதில் விழும் அளவுக்குச் சத்தமாகச் சொன்னாள். பத்தாம் வளைவு தாண்டியதும் அவன் தோள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. ஐந்தில் ஒரு லாரி எதிரே வந்தபோது அவன் நிற்கவில்லை, ஓரமாக ஒதுங்கி நகர்ந்துகொண்டே வழிவிட்டான். கடைசி வளைவிலும் சொன்னாள்.

மலை முடிந்தது. பண்ணாரி சோதனைச் சாவடி தாண்டி ரோடு நேராக, அகலமாக, வெயிலில் கிடந்தது.

"இருக்கேனுங்க" என்றாள் சோனியா.

"இங்கதான் வளைவே இல்லையே?"

"நேர் ரோட்டுலயும் நான்தானுங்க உக்காந்திருக்கறேன்."

தருண்குமார் அடுத்த கியரைப் போட்டான். அன்று முதல் தடவையாக முள் அறுபதைத் தாண்டியது.